கொலு பார்க்க வந்த கமிட்டி

வாசல் மணி அடித்தபோது அம்மா பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொலுவில் வைத்திருந்த அட்டைக் கல்லூரியின் கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்கும் துர்கா பூஜைப் பந்தலுக்கும் நடுவே ஒரு சந்துதான். சஷ்டிக்கு ஆரம்பித்தால் தசமிவரை எங்கள் வீட்டில் ரகசியம் பேசுவதானாலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"மணி அடிக்குதுடி மைதிலி!" என்று அம்மா கத்தினாள்.

கதவைத் திறந்தேன். மூன்று பேர் நின்றார்கள். முன்னால் ஓர் அறக்கட்டளையின் தலைவர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மனைவி. பின்னால் கையில் டேப்லெட்டோடு இளம் செயலாளர். எங்கள் வீட்டில் ஏழ்மை இருக்கிறதா, இருந்தால் எந்த அளவுக்கு இருக்கிறது என்று நேரில் பார்த்துப்போக வந்திருந்தார்கள்.

"வாங்க, வாங்க. கொலு பாக்க வாங்க" என்றாள் அம்மா.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

நெட்டில் கொட்டிக் கிடக்கிறது

அப்பாவின் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை தன் கொல்கத்தா அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வடக்கே போய்விட்டதைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் சொல்லியிருந்தேன். அதன் பிறகு அப்பா மார்க்கெட் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் அரை நாள் கணக்கு எழுதினார். நான் பவானிபூரில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடம் கம்பெனி கொடுத்த கடைசிப் பணத்தில் ஓடிவிட்டது. இரண்டாம் வருடக் கட்டணத்துக்குக் கடைசி நாள் தீபாவளியோடு வரும் காளி பூஜைக்கு அடுத்த வாரம்.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தீர்மானமாகியிருந்தது. கோயம்புத்தூர் அத்தை ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தாள். "ஒரு வருஷம் வேலை பாக்கட்டும், அப்புறமா படிச்சுக்கலாம்" என்றாள். இந்த 'அப்புறமா' எந்தக் காலண்டரிலும் வராத நாள் என்பது அத்தை உட்பட எல்லாருக்கும் தெரியும்.

"ஸ்காலர்ஷிப்பா? நெட்ல கொட்டிக் கிடக்குதே!" என்று சொல்லாத ஆளில்லை. சொன்னவர்கள் யாரும் குனிந்து ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தவர்கள் இல்லை.

நான் பொறுக்கப் போனேன். ஓர் இணையதளம் என் பிறந்த தேதி முதல் பொழுதுபோக்குவரை கேட்டுக்கொண்டு, 'உங்களுக்கென்றே தேர்ந்தெடுத்த உதவித்தொகைகள்' என்று ஒரு பட்டியல் கொடுத்தது. முதலாவது முடிந்துபோயிருந்தது. இரண்டாவது வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு. மூன்றாவது கப்பலில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு. நான்காவது உதவித்தொகையே இல்லை, வட்டிக்குக் கடன். அந்தக் கடன் கம்பெனிப் பெண் மட்டும் மாதக்கணக்கில் போன் செய்து, "மேம், படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று இந்தியில் விசாரித்தாள். அந்த நாட்களில் என் படிப்பைப் பற்றி அக்கறையோடு கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அப்புறம் வாட்ஸாப். இந்த ஊர்த் தமிழர்கள் எல்லாரும் இருக்கும் ஒரு குழுவில், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவே, 'மிக அவசரம், ஏழை மாணவர்களுக்குப் பகிரவும்' என்று அடிக்கடி ஏதாவது வரும். எல்லாரும் கைகூப்புவார்கள். அதில் ஒன்று நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோதே கெடு முடிந்தது. இன்றும் தவறாமல் மிக அவசரமாக வந்துகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய அறக்கட்டளை இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆற்றங்கரையில் மூன்றே மூன்று கிராமங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு மட்டும் உதவுவார்களாம். அப்பா தன் பெரியப்பா மகனுக்கு போன் போட்டார். "ஏம்ப்பா, நம்ம தாத்தா எப்பவாவது அந்தப் பக்கம் இருந்திருக்காரா?"

"ஒரு தடவை கடைசி பஸ்ஸ விட்டுட்டு அங்க சத்திரத்துல படுத்திருந்தாராம்."

அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். ஒரு ராத்திரி பூர்வீகம் ஆகுமா என்று அம்மாவிடம் நிஜமாகவே கேட்டார்.

இல்லை என்பதற்கு அத்தாட்சி

மாநில அரசின் உதவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அலிப்பூரில் ஓர் அலுவலகத்துக்கு அப்பாவும் நானும் போனோம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். மண்கோப்பையில் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அப்பாவை அண்ணனாக்கி வங்காளியில் கேட்டார்.

"சம்பளச் சீட்டு எங்கே தாதா?"

"சம்பளம் இல்லை. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார் அப்பா.

"சம்பளம் இல்லாம வருமானம் எவ்வளவுன்னு நான் எப்படி எழுதறது?"

"இல்லைன்னு எழுதுங்களேன்."

"இல்லைங்கறதுக்கு பேப்பர்?"

மளிகைக் கடை முதலாளியிடம் ஒரு கடிதம் கேட்டோம். அவர் பதறிப்போனார். அப்பாவுக்குக் கொடுப்பதை அவர் எங்கும் காட்டவில்லையாம். கடையின் கணக்கு முழுவதையும் எழுதும் அப்பா அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அதைத் தன் கையாலேயே அப்படி எழுதியவரும் அப்பாதான்.

நான் பிறந்தது பவானிபூரில். பள்ளியில் வங்காளியில் சண்டை போட்டு, வங்காளியில் சமாதானம் ஆனவள். ஆனாலும் இங்கே விண்ணப்பித்தால் "நீங்க மாட்ராஜியாச்சே" என்பார்கள். சென்னைக்கு போன் செய்தால் "நீங்க வெளிமாநிலமாச்சே" என்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். இரண்டு வீட்டுக்கு மருமகளானவளுக்கு இரண்டு வீட்டிலும் சோறில்லை.

கவரில் கல்கண்டு

மிச்சமிருந்தது இந்த நகரத்துத் தமிழர்களின் கல்வி அறக்கட்டளை ஒன்றுதான். பெயர் வேண்டாம். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கிறது.

அதை ஆரம்பித்த பெரியவர் தேயிலை வியாபாரத்தில் சம்பாதித்தவர். எந்த வீட்டுப் பிள்ளைக்காவது கட்டணம் கட்ட முடியவில்லை என்று காதில் விழுந்தால் போதுமாம், மறுநாள் டிரைவர் வந்து நிற்பார். ஒரு கவரில் பணம், கூடவே ஒரு பொட்டலம் கல்கண்டு. கேள்வி எதுவும் கிடையாது. "அந்தப் பையன் நிஜமாவே ஏழைதானா?" என்று யாரோ கேட்டதற்கு, "இல்லைன்னா அவனுக்கு நல்லதுதானே?" என்றாராம்.

அவர் போனதும் கமிட்டி வந்தது. கமிட்டிக்குள் துணைக் கமிட்டி வந்தது. உதவி தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும் என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் வழக்கம் வந்தது. கல்கண்டு மட்டும் நின்றுபோயிற்று.

ஏழ்மைக்கு ஒத்திகை

அவர்களிடமும் விண்ணப்பித்திருந்தோம். கமிட்டி வந்த அன்று காலை செயலாளர் போன் செய்து, தலைவரும் அவர் மனைவியும் தானுமாகச் சாயங்காலம் வருகிறோம் என்றார். மாடியில் வீட்டுச் சொந்தக்கார அம்மாள் ஷிப்ரா மாஷி இருந்தார்; மாஷி என்றால் சித்தி. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் மாஷிக்குத் தெரியாமல் நடக்காது. உடனே இறங்கி வந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பௌதி, இது சரியா வராது" என்றார், அம்மாவை அண்ணி முறை சொல்லி. "ஃப்ரிட்ஜ் மேல ஒரு பழைய பெட்ஷீட்டைப் போடு. திரைச்சீலையைக் கழட்டு. என் பையனுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கறப்போ நான் சோபா மேல ஈரத் துண்டெல்லாம் காயப்போட்டு வச்சேன். வந்தவங்களுக்கு உக்காரவே இடமில்ல. உடனே சாங்ஷன்!"

அப்பா மளமளவென்று வேலையில் இறங்கினார். டிவியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். என் நல்ல சுடிதாரை மாற்றச் சொன்னார். ஃப்ரிட்ஜுக்குப் பெட்ஷீட் போர்த்தினார். அது அம்மை கண்ட ஆள் மாதிரி மூலையில் நின்றது.

அதுவரை அம்மாவும் ஒத்துழைத்தாள். அப்பா கொலுப்படிக்குக் கை நீட்டியபோதுதான் வந்தது வினை.

"அதைத் தொடாதீங்க."

"வசந்தா, அவங்க நம்ம கஷ்டத்தைப் பாக்க வர்றாங்க. கொலு பாக்க வரல."

"கொலு வச்ச வீட்டுக்கு யார் வந்தாலும் கொலு பாக்க வந்ததாத்தான் அர்த்தம்."

"சரி, கொலு இருக்கட்டும். காபியோட நிறுத்திக்கலாம்."

"நவராத்திரியில ஒரு சுமங்கலி வீட்டுக்கு வர்றாங்க. வெத்தலை பாக்கு, ரவிக்கைத் துணி இல்லாம அனுப்பினா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க?"

"மைதிலி காலேஜ் போகலன்னா மட்டும் பேச மாட்டாங்களா?" என்று அப்பா குரலை உயர்த்தினார்.

அம்மா உள்ளே போய்க் கடலையை வேகவைத்தாள். பிறகு ரவையை வறுக்கும் வாசனை வந்தது. கேசரி! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாஷி தலையில் கைவைத்துக்கொண்டு, "கேசரி செஞ்சா யாரும் உங்களை ஏழைன்னு நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்லி மாடியேறினார்.

கொலுவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது முறை. அந்த வருடம் வாங்க வழியில்லை. அதனால் அம்மா செருப்புப் பெட்டிகளை வெட்டி ஒட்டி என் கல்லூரியைச் செய்திருந்தாள். ஜன்னல்கள், மணிக்கூண்டு, வாசலில் கேட்டு, கேட்டுக்கு வெளியே தலையாட்டிப் பொம்மைகளின் வரிசை. அவள் என் கல்லூரியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சேர்க்கைக்கு அப்பாதான் வந்தார். மணிக்கூண்டு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

சுண்டலும் கேள்விகளும்

தலைவர் சோபாவில் உட்கார்ந்தார். போர்த்திய ஃப்ரிட்ஜைப் பார்த்து, "அது ஃப்ரிட்ஜ்தானே? எத்தனை லிட்டர்?" என்றார்.

"பழசு சார்" என்றார் அப்பா.

"லிட்டர்ல பழசு புதுசு கிடையாதே."

செயலாளர் படிகளை எண்ணினார். "ஏழு படி சார். நம்ம ஆடிட்டர் வீட்லயே அஞ்சுதான்." டேப்லெட்டில் பதிந்துகொண்டார். படிமேல் விரித்திருந்த வேட்டியை அவர் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரிசி டின்னும், என் பாடப் புத்தகக் கட்டுகளும், மாஷி தூக்கிப் போட்ட கால் உடைந்த பெஞ்சும் தெரிந்திருக்கும்.

தலைவர் மனைவி சுண்டலை வாயில் போட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கேசரியை ஸ்பூனால் தட்டிப் பார்த்து, "நெய் கொஞ்சமாத்தான் போட்டிருக்கீங்க, ஆனா தெரியவே இல்லையே, எப்படி?" என்றார். அம்மா முகம் மலர்ந்துபோய்ப் பக்குவத்தை விளக்கினாள். அந்தக் கொஞ்சம் நெய்தான் எங்கள் வீட்டில் இருந்த மொத்த நெய் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையாவது பதிந்திருப்பார்கள்.

"பாப்பா ஒரு பாட்டு பாடலாமே" என்றார் தலைவர். கொலு வீட்டில் பாடு என்றால் தட்டக்கூடாது. பாடினேன். மார்க் எனக்கா, பாட்டுக்கா, எங்கள் ஏழ்மைக்கா என்று தெரியாமலே பாடினேன்.

கிளம்பும்போது அம்மா அந்த அம்மாளை மணையில் உட்காரவைத்து, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் கொடுத்தாள். செயலாளர் கண் அதன்மேல் போனது. அந்தத் துணியின் கதை அவருக்குத் தெரியாது. முந்தின நவராத்திரியில் எங்கோ ஒரு வீட்டில் அம்மாவுக்குக் கிடைத்தது அது. ஓரத்தில் மஞ்சள் கறை. இந்த ஊரில் நவராத்திரி ரவிக்கைத் துணிகளை யாரும் தைப்பதில்லை. வீட்டுக்கு வீடு நடந்துகொண்டே இருக்கும். இருந்தும் டேப்லெட்டில் ஏதோ ஏறிற்று.

நல்ல நிலை

ஏகாதசியன்று போன் வந்தது. செயலாளர் மிக மரியாதையாகப் பேசினார். குடும்பம் நல்ல நிலையில் இருக்கிறது, பண்பாடு சிறப்பாகப் பேணப்படுகிறது, ஆகவே உதவி இதைவிடத் தேவைப்படுவோருக்குப் போகும் என்றார்.

அப்பா கட்டிலுக்கடியிலிருந்து டிவியை இழுத்து வைத்தார். அம்மா அடுப்படியில் நின்றாள். "நான்தான் கெடுத்துட்டேன்" என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அன்று சமைத்ததில் உப்பில்லை. எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் தலைவர் மனைவி கூப்பிட்டார். ஆறுதல் சொல்ல இல்லை. "வசந்தா, எங்க ஸ்காலர்ஷிப் வழங்கும் விழா காளி பூஜைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. எப்பவும் ஆர்டர் குடுக்கறவன் ஊருக்குப் போயிட்டான். இருநூறு பேருக்கு டிஃபன். அந்தக் கேசரி, அந்தச் சுண்டல், கூட இட்லி, காபி. செய்வீங்களா?"

அப்பா உடனே கணக்குப் போட்டார். சாமான், வண்டி, பாத்திர வாடகை எல்லாம் போக நிற்பதோடு அவர் சேர்த்துவைத்திருந்ததையும் கூட்டினால், என் கட்டணம் இழுத்துப் பிடித்து வந்துவிடும். இழுத்துப் பிடித்துத்தான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "தேங்காய் துருவித் தருவியா?" என்றாள். இரண்டு நாள் மௌனம் அப்படி முடிந்தது.

மேடைக்குப் பின்னால்

அலிப்பூரில் ஒரு மண்டபம். மேடையில் ஆள் உயர அட்டைச் செக்குகள். ஒவ்வொரு மாணவனாகக் கூப்பிட்டு, அவன் அப்பாவுக்கு என்ன நோய், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் மைக்கில் சொல்லி, அதன் பிறகு போட்டோ எடுத்தார்கள். தலைகுனிந்து நின்ற ஒரு பையனிடம் போட்டோகிராபர், "ஸ்மைல், ஸ்மைல்" என்றார்.

நான் காபித் தட்டோடு பின்னால் நின்றிருந்தேன். அந்த மேடையில் இல்லாமல் போனதற்கு முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே அழுகை வந்தது. இரண்டும் உண்மை.

"அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு. காபியில விழப்போகுது" என்றாள் அம்மா, டிகாக்ஷனை இறக்கியபடி.

விழா முடிந்ததும் வந்திருந்த பெண்களுக்கெல்லாம் தாம்பூலப் பை கொடுத்தார்கள். அம்மாவுக்கும் ஒன்று. பிரித்தால் கத்தரிப்பூ நிற ரவிக்கைத் துணி, ஓரத்தில் அதே மஞ்சள் கறை. அம்மா அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

பிறகு தலைவர் பில்லோடு வந்தார். மனைவியும் கூடவே இருந்தார்.

"டிஃபன் ஏ ஒன்! ஆனா பாருங்கம்மா, இது பிசினஸ் இல்ல, தர்ம காரியம். நாலுல ஒரு பங்கு குறைச்சுக்கங்க. உங்களுக்கும் புண்ணியம்."

அப்பா வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து 'பரவாயில்ல சார்' வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிப் பழகியவர். நாலில் ஒரு பங்கு போனால் நான் ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

அதற்குள் அம்மா, "குறைக்கலாம் சார். தர்மம்னா செய்ய வேண்டியதுதான்" என்றாள்.

நான் காபித் தட்டைக் கீழே வைத்தேன். அம்மா தொடர்ந்தாள்.

"ஆனா தகுதியானவங்களுக்குத்தானே போய்ச் சேரணும்? நாளைக்குச் சாயங்காலம் நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம். ஃப்ரிட்ஜ் எத்தனை லிட்டர், ஏசி எத்தனைன்னு ஒரு தடவை பாத்துட்டு, எவ்வளவு குறைக்கலாம்னு சொல்றேன்."

அவள் குரலில் கிண்டலே இல்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல்.

தலைவர் முகம் சிவந்தது. செயலாளர் டேப்லெட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. முதலில் சிரித்தவர் தலைவர் மனைவிதான். வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

"முழுசாக் குடுத்துடுங்க. அவங்க நம்ம வீட்டைப் பாத்தா ரெண்டு மடங்கு கேப்பாங்க."

தலைவர் முழுசாகவே செக் எழுதினார். அட்டைச் செக் இல்லை, நிஜச் செக்.

கேட்டின் நிறம்

வாடகைப் பாத்திரங்களோடு அப்பா வண்டியில் போய்விட்டார். அம்மாவும் நானும் எங்கள் சொந்தப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் டாக்சியில் வந்தோம். அப்போதுதான் பார்த்தேன், அம்மா ஏற்கெனவே துடைத்த டபராவை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்பப் பேசிட்டேனோ?" என்றாள்.

"இல்லம்மா."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "உன் காலேஜ் இந்தப் பக்கம்தானே?"

"பவானிபூர் வழியாப் போனா வரும். சுத்து. ஞாயித்துக்கிழமை, மூடியிருக்கும்."

"பரவாயில்ல, போகச் சொல்லு."

டிரைவர் முணுமுணுத்தபடி ஓரம் கட்டினார். அம்மா இறங்கினாள். முந்தானையில் கேசரி வாசனை. தெருவைக் கடந்து போய், பூட்டியிருந்த கேட்டின் முன் நின்று மேலும் கீழும் பார்த்தாள். மணிக்கூண்டைத் தேடினாள் என்று நினைக்கிறேன். இல்லை. மூன்று மாடி, கம்பி ஜன்னல்கள், சுவரெல்லாம் தேர்தல் எழுத்துகள்.

"கேட்டு கறுப்பா?"

"ஆமாம்மா."

"பச்சைன்னு நெனச்சேன்." பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய துருவைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி, அடுத்த வருஷம் மாத்திடறேன்."